மருந்தில்லாத களிம்பையும் சோதியுங்கள்

சித்தன்னவாசல் அறிவர் கோயில் ஓவியங்களை 1930களில் ஆராய்ந்த சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன், நிறங்களோடு நிற்கவில்லை. பாறைமேல் பூசிய காரை, அதன்மேல் மெல்லிய சுண்ணப் பூச்சு, அதற்கும் மேலே நிறம் என்று அடுக்கடுக்காகப் பிரித்துச் சோதித்தார். மூட்டுவாதத்துக்கான மூலிகை நானோ களிம்புகள் பற்றி நம் இதழுக்கு வரும் கட்டுரைகள் பலவற்றில் இந்தப் பிரித்துப் பார்த்தல் இல்லை. நிறமாகிய மருந்தைப் பற்றி எழுதுகிறோம், பூச்சாகிய கடத்தியை மறந்துவிடுகிறோம்.

மூலிகையை நானோ களிம்பாக்கும் முயற்சி சரியானதே. மஞ்சளின் குர்குமினை விழுங்கினால் குடலும் கல்லீரலும் அதை விரைவில் மாற்றிவிடுகின்றன. தோலில் தடவினாலோ வேறு சிக்கல். அதன் மூலக்கூறு எடை 368 டால்டன். தோலைக் கடக்க உச்சவரம்பாகச் சொல்லப்படும் 500-க்குள்தான் இருக்கிறது. ஆனால் நீரில் கரையாத அந்தப் பொருள், 10 முதல் 20 மைக்ரான் தடிமனே உள்ள மேற்தோலின் கொம்புப் படலத்திலேயே தங்கிவிடுகிறது. லிப்போசோம், எத்தோசோம், வளைந்து நுழையும் ட்ரான்ஸ்ஃபெர்சோம் என்னும் நுண் கொழுப்புக் குமிழ்கள் எல்லாம் இந்தப் படலத்தைக் கடக்கத்தான்.

2013-இல் வெளியான ஒரு முழங்கால் தேய்வு ஆய்வை நம் துறையினர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள், 12 வாரம். ட்ரான்ஸ்ஃபெர்சோமில் ஏற்றிய கீட்டோபுரோஃபென் ஜெல் ஒரு பக்கம். அதே கொழுப்புக் குமிழ்கள் மருந்தில்லாமல், வெறுங்கடத்தியாக, மறுபக்கம். மருந்து ஏற்றிய ஜெல் வெறும் குமிழ் ஜெல்லை விஞ்சவில்லை. அந்த வெறும் ஜெல்லோ, இன்னொரு பிரிவினர் விழுங்கிய போலி மாத்திரையைவிட நன்றாகவே வலியைக் குறைத்தது. நிரூபணமான வலிநிவாரணிக்கே இந்த நிலை என்றால், நொச்சிக்கும் முடக்கத்தானுக்கும் குந்திரிக்கத்துக்கும் வெறுங்கடத்திப் பிரிவு இல்லாத ஆய்வு என்ன சொல்லிவிட முடியும்?

வலி குறைந்தது என்பதாலேயே மருந்து மூட்டை எட்டியது என்றும் ஆகாது. மிளகாயின் கேப்சைசின் நானோ எதுவுமின்றி, 0.025 சதவீதக் களிம்பாகவே தோலின் நரம்பு முனைகளில் வேலை செய்கிறது. தேய்ப்பதே சுகம் தரும் என்பது தொக்கணம் தெரிந்த சித்த மருத்துவர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எலியின் பாதத்தில் வீக்கம் வடிந்ததை மட்டும் வைத்து மனித முழங்காலுக்கு உறுதி சொல்வது எனக்குக் கவலை தருகிறது. எலித்தோல் நம் தோலைவிட எளிதில் ஊடுருவவிடும், பாதமோ மெல்லியது. முழங்காலில் தோலுக்கும் மூட்டுறைக்கும் நடுவே கொழுப்பும் தசைநாரும் உண்டு. இடுப்பு மூட்டு இன்னும் ஆழத்தில்.

எனவே இனி இவ்விதழுக்கு வரும் கட்டுரைகளில் வெறுங்கடத்திப் பிரிவு கட்டாயம். இரு பிரிவினருக்கும் ஒரே அளவு, ஒரே நேரம் தேய்க்க வேண்டும். ஊடுருவலைப் பன்றிக்காதுத் தோலிலாவது காட்டுங்கள். இயன்றால் மூட்டுத் திரவத்தில் அளந்து காட்டுங்கள். சாற்றில் எந்தச் சேர்மம் எத்தனை சதவீதம் என்பதும் வேண்டும். புதுக்கோட்டைச் சித்திரை வெயிலில், குளிர்சாதனம் இல்லாத ஆரம்ப சுகாதார நிலைய அலமாரியில், குமிழ்களின் அளவு மாறாமல் இருக்கிறதா என்று பார்த்தவர்கள் அதையும் எழுதுங்கள். கசிந்து போன குமிழால் பயனில்லை.

வெறுங்கடத்தியே மூலிகை ஏற்றியதற்கு இணையாக வலியைக் குறைத்தால், தயங்காமல் அந்த முடிவையும் அனுப்புங்கள். முழுமையாக வெளியிடுவோம்.