ஷின்சான் செய்த குறும்பு
ஒரு பொம்மைப் படத்துக்குத் தடை வந்த கதை

மாலை 5 மணி. பள்ளிக்கூடம் விட்டாகிவிட்டது.

திண்டுக்கல்லில் இருந்து பழனிக்குப் போகிற சாலையில் ரெட்டியார்சத்திரம் இருக்கிறது அல்லவா? அங்கே ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா காய்கறி மூட்டையுடன் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார். அம்மாவுக்கு நூல் மில்லில் வேலை. இன்னும் வரவில்லை. அப்பத்தா அடுப்படியில் இருக்கிறார். பையன் புத்தகப் பையை மூலையில் வீசிவிட்டு டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்துவிட்டான்.

"டேய், பாலைக் குடிச்சிட்டு உக்காருடா!" என்று அப்பத்தா கூப்பிடுகிறார்.

"ஏன் அப்பத்தா கத்துறே? நீயே குடிச்சுக்கோ. இன்னும் குண்டாகலாம்!"

மூக்கால் இழுத்து இழுத்துப் பேசுகிறான் பையன். அப்பத்தாவுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

"இந்தப் பேச்சை எங்கேடா படிச்சே?"

பையன் வாயைத் திறக்கவில்லை. டெலிவிஷனைக் கையால் காட்டுகிறான். அங்கே, தடித்த புருவமும் உப்பிய கன்னமுமாக ஒரு சிறுவன் குதித்துக்கொண்டு இருக்கிறான்.

அவன்தான் ஷின்சான்!

யார் இவன்?

ஷின்சானின் முழுப் பெயர் ஷின்னோசுகே நோஹாரா. வயது 5. ஜப்பான் நாட்டில் கசுகாபே என்ற ஊரில் வசிக்கிறான். அப்பா ஹிரோஷி, ஆபீஸ் உத்தியோகஸ்தர். அம்மா மிசாயே, வீட்டைக் கவனித்துக்கொள்கிறார். ஹிமவாரி என்று ஒரு தங்கை. ஷிரோ என்று ஒரு வெள்ளை நாய்.

ஒவ்வொரு கதையும் ஏழெட்டு நிமிடம்தான். அதற்குள் அவன் அம்மாவைக் கேலி செய்வான். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சொல்லக்கூடாத ரகசியத்தைச் சொல்லிவிடுவான். கடைத்தெருவில் மானத்தை வாங்குவான். கால்சட்டையை இறக்கிப் பின்புறத்தைக் காட்டி ஆடுவான். அம்மா தலையில் குட்டுவார். தலையில் பெரிய புடைப்பு எழும்பும். அடுத்த கதையில் புடைப்பும் இருக்காது, புத்தியும் வந்திருக்காது.

இவனைப் படைத்தவர் யோஷிதோ உசுய் என்ற ஓவியர். 1990-ல் படக்கதையாகத் தொடங்கினார். 1992-ல் அது டெலிவிஷனுக்கு வந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தப் படக்கதை வெளிவந்தது குழந்தைகள் பத்திரிகையில் அல்ல. பெரியவர்கள் படிக்கிற வாரப் பத்திரிகையில்! சம்பளம் போதாத கணவன், தள்ளுபடி விலைக்கு ஓடுகிற மனைவி, தீராத வீட்டுக் கடன் என்று பெரியவர்களின் பாட்டை, ஒரு சிறுவனின் வாயால் கிண்டல் செய்த கதை அது. படித்துச் சிரித்தவர்கள் அப்பாமார்கள். டெலிவிஷனுக்கு வந்ததும், முன் வரிசையில் வந்து உட்கார்ந்தவர்கள் பிள்ளைகள்.

ஜப்பானியப் பெற்றோர் சும்மா இருந்தார்களா? இல்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் அங்கே கருத்துக் கேட்பது உண்டு. "பிள்ளைகள் பார்க்கக்கூடாத நிகழ்ச்சி எது?" என்று கேட்டால், ஷின்சான் பெயர் பட்டியலின் உச்சியில் பல முறை வந்தது. ஆனாலும் படம் நிற்கவில்லை. அந்தப் பெற்றோரின் பிள்ளைகளே பார்த்துக்கொண்டு இருந்தார்கள்!

இந்தியாவில் தடை

நம் நாட்டில் ஹங்காமா என்ற குழந்தைகள் சேனல் 2006-ல் ஷின்சானைக் கொண்டு வந்தது. முதலில் இந்தியில் பேசினான். பிறகு தமிழும் பேசினான்.

அந்த ஆண்டு தமிழ்நாட்டில் வேறொரு காரியமும் நடந்தது. 2006 செப்டம்பரில், அரசின் இலவசக் கலர் டெலிவிஷன் திட்டம் தொடங்கியது. சில ஆண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பெட்டிகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அதுவரை பக்கத்து வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்த பிள்ளைகள், சொந்த வீட்டிலேயே பாயை விரித்துப் பார்த்தார்கள். 2007-ல் சன் குழுமம் சுட்டி டி.வி.யைத் தொடங்கியது. பொழுது பூராவும் தமிழ் பேசும் பொம்மைப் படங்கள்! 2011-ல் அரசு கேபிள், மாதம் 70 ரூபாய்க்குக் கிடைத்தது.

டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து, எப்போதாவது ஒரு கார்ட்டூன் துண்டைப் பார்த்த தலைமுறை ஒன்று உண்டு. அதன் பேரப் பிள்ளைகளுக்கு, நினைத்த நேரத்தில் கார்ட்டூன். நல்லதா, கெட்டதா என்று யோசிக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

புகார்கள் கிளம்பின. பிள்ளைகள் எதிர்த்துப் பேசுகிறார்கள், பெரியவர்களைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், கால்சட்டையை இறக்கிக் காட்டுகிறார்கள் என்று பெற்றோர் குறை கூறினார்கள். மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2008-ல் ஷின்சானுக்குத் தடை போட்டது.

தடை போடச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? இருக்கிறது. 1994-ம் ஆண்டுக் கேபிள் டெலிவிஷன் விதிகளில், குழந்தைகள் நிகழ்ச்சியில் கெட்ட வார்த்தையும் வெளிப்படையான வன்முறைக் காட்சியும் வரக்கூடாது என்று எழுதியிருக்கிறது. பிள்ளைகள் அதிகமாகப் பார்க்கும் நேரத்தில், அவர்களுக்குப் பொருந்தாததைக் காட்டக்கூடாது என்றும் இருக்கிறது.

பிள்ளைகள் அழுதார்கள். பெற்றோரில் ஒரு பகுதியினர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். இன்னொரு பகுதியினர், "இது என்ன அநியாயம்! பிள்ளை என்றால் குறும்பு செய்யாதா?" என்று கேட்டார்கள். 2009-ல் தடை நீங்கியது. ஆட்சேபமான காட்சிகளை வெட்டிவிட்டு, ஷின்சான் திரும்பி வந்தான். அதே ஆண்டு செப்டம்பரில், அவனைப் படைத்த உசுய் மலையேறப் போன இடத்தில் தவறி விழுந்து இறந்தார். அவருக்கு வயது 51. ஷின்சானுக்கு மட்டும் இன்னும் வயது 5!

வங்காள தேசத்தில் நடந்தது இதைவிட விசித்திரம். அங்கே 2013-ல் டோரேமான் என்ற பொம்மைப் படத்தைத் தடை செய்தார்கள். குறும்புக்காக அல்ல. படம் இந்தியில் ஓடியது. வங்காளிப் பிள்ளைகள் வீட்டிலே இந்தி பேசத் தொடங்கிவிட்டார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு!

குறும்பு புதிதா?

ரெட்டியார்சத்திரத்தில் குன்றின் மேல் கோபிநாத சுவாமி கோவில் இருக்கிறது. மாடு கன்று வைத்திருப்பவர்கள், அவை நலமாக இருக்க வேண்டும் என்று படியேறிப் போய் வேண்டிக்கொள்வார்கள். அங்கே நிற்கிற சாமி யார்? கண்ணன்! உறியில் இருந்த வெண்ணெயைத் திருடியவன். கேட்டால் "நான் இல்லை" என்றவன். தாய் கயிற்றால் கட்டிப்போட்டாள். பெரியாழ்வார் முதல் பாரதியார் வரை அந்தக் குறும்பைப் பாடிப் பாடி மகிழ்ந்தார்கள். எந்தத் தாயும் "கண்ணன் கதையைக் கேட்டு என் பிள்ளை கெட்டுப் போனான்" என்று புகார் எழுதவில்லை.

அப்படியானால் ஷின்சானை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்? நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கண்ணன் கதையைப் பிள்ளைக்குச் சொன்னவர் அப்பத்தா. பிள்ளை மடியில் இருந்தது. சொல்கிறபோதே "நீ இப்படிச் செய்யலாமாடா?" என்று கன்னத்தைக் கிள்ளினார். ஷின்சான் கதையைச் சொல்கிற பெட்டி, பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளாது.

ஐரோப்பாக்காரர்கள் வேறு வழி பிடித்தார்கள். ஜெர்மனியில் வில்ஹெல்ம் புஷ் என்பவர் 1865-ல் மாக்ஸ், மோரிட்ஸ் என்ற இரண்டு போக்கிரிப் பையன்களின் படக்கதையை எழுதினார். விதவைக் கிழவியின் கோழிகளைக் கொன்றார்கள். பாலத்துப் பலகையை அறுத்துவைத்துத் தையற்காரரை ஆற்றில் விழ வைத்தார்கள். வாத்தியாரின் சுங்கானில் வெடிமருந்தை அடைத்தார்கள். முடிவு என்ன? மாவு மில்லில் போட்டு இருவரையும் அரைத்துவிட்டார்கள்! மாவை வாத்து தின்றுவிட்டது. இதைக் குழந்தைக் கதை என்று விற்றார்கள். இந்தப் பையன்களைப் பார்த்துத்தான் 1897-ல் அமெரிக்கப் பத்திரிகையில் ஹான்ஸ், ஃப்ரிட்ஸ் என்ற இரட்டையர் படக்கதை வந்தது. 1938-ல் எம்.ஜி.எம். கம்பெனி அவர்களைக் கார்ட்டூன் சினிமாவாகவும் எடுத்தது. அதிலே அரைக்கவில்லை. பிட்டத்தில் அடியோடு சரி.

தண்டனை காட்டினால் பிள்ளை திருந்துமா?

இதைத் தெரிந்துகொள்ள அமெரிக்காவில் பரீட்சையே நடத்தினார்கள். ஆல்பர்ட் பண்டூரா என்ற மனோதத்துவ அறிஞர் 1961-ல், ஒரு காற்றடைத்த பெரிய பொம்மையை வைத்து ஆராய்ச்சி செய்தார். பெரியவர் ஒருவர் அந்தப் பொம்மையை உதைக்கிறார், சுத்தியலால் அடிக்கிறார். சின்னப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். பிறகு பிள்ளைகளை அந்தப் பொம்மையோடு விட்டார்கள். அவர்களும் அதேபோல உதைத்தார்கள்! 1963-ல், நேரில் காட்டாமல் சினிமாவாகவும், பூனை வேஷம் போட்டுக் கார்ட்டூன் போலவும் காட்டினார்கள். அப்போதும் அதே கதைதான்.

1965-ல் செய்த பரீட்சைதான் தாய்மார்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. இந்த முறை, பொம்மையை அடித்தவருக்குத் தண்டனை கிடைப்பதாகச் சில பிள்ளைகளுக்குப் படம் காட்டினார்கள். அந்தப் பிள்ளைகள் குறைவாகவே அடித்தார்கள். ஆகா, திருந்திவிட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? பொறுங்கள். "படத்தில் பார்த்ததைச் செய்து காட்டு. பழரசம் தருகிறோம், ஒட்டுப் படம் தருகிறோம்" என்றார்கள். தண்டனையைப் பார்த்த பிள்ளைகளும், பார்க்காத பிள்ளைகளைப் போலவே அத்தனையையும் செய்து காட்டினார்கள். பாடம் எல்லோர் மனதிலும் ஏறியிருந்தது. சிலர் வெளியே காட்டவில்லை. அவ்வளவுதான்.

ஆகவே, மிசாயே குட்டுகிற குட்டு நம் வீட்டுப் பிள்ளையை ஒன்றும் செய்யாது. அது அவனுக்குச் சிரிப்புக் காட்சி.

தடை போட்டது சரியா, தப்பா? என்னைக் கேட்டால், பாதி சரி. பெரியவர்களுக்காக எழுதிய கிண்டலைச் சல்லடை போடாமல் பிள்ளைகள் முன்னால் கொட்டியது தவறு. காட்சிகளை வெட்டியது தேவையான வேலைதான். ஆனால் அமைச்சகத்தின் கத்தரி மாலை 5 மணிக்கு ரெட்டியார்சத்திரத்து வீட்டுக்குள் வந்து, பிள்ளை பக்கத்தில் உட்காராது. மில்லில் இருந்து திரும்புகிற தாயை, "ஏன் பிள்ளையைக் கவனிக்கவில்லை?" என்று கேட்பதும் கொடுமை. அந்தப் பெட்டி இல்லாவிட்டால் அவர் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவார்?

குடமிளகாய்

ஷின்சானிடம் இன்னொரு கெட்ட பழக்கம். அவனுக்குக் குடமிளகாய் பிடிக்காது! தட்டில் போட்டால் ஒதுக்கிவிடுவான்.

ரெட்டியார்சத்திரத்தில்தான் அரசின் காய்கறி மகத்துவ மையம் இருக்கிறது. இஸ்ரேல் நாட்டுத் தொழில்நுட்ப உதவியுடன் நடக்கிறது. பசுமைக் குடில்களில் குடமிளகாய் முதலிய காய்கறிகளை எப்படி விளைவிப்பது என்று விவசாயிகளுக்குக் காட்டுகிறார்கள். அப்பா குடமிளகாய் விளைவிக்கிறார், மகன் ஷின்சானைப் பார்த்து அதை ஒதுக்குகிறான் என்றால், சிரிப்பதா அழுவதா?

அமெரிக்காவில் இதற்கு நேர் எதிராக நடந்தது. பப்பாய் என்ற மாலுமி பசலைக் கீரையைத் தின்று பலசாலி ஆவான். டெக்ஸாஸ் மாகாணத்தில் கிரிஸ்டல் சிட்டி என்ற ஊரில் பசலைக் கீரைதான் முக்கிய விளைச்சல். அந்த ஊர்க்காரர்கள் 1937-ல் பப்பாய்க்குச் சிலையே வைத்துவிட்டார்கள்! பொம்மைப் படம் பார்த்துப் பிள்ளை கெட்டதைத்தான் படிக்கும் என்பதில்லை. கீரையையும் தின்னும்.

இப்போது?

பிள்ளைகள் எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் கணக்குச் சொல்லியிருக்கிறது. 2 வயதுக்குள் திரையே கூடாது. வெளியூரில் இருக்கிற உறவினரோடு எப்போதாவது வீடியோவில் பேசலாம். 2 முதல் 5 வயது வரை, ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். 5 முதல் 10 வயது வரை, 2 மணி நேரத்துக்குள். குறைந்தால் நல்லது.

ஆனால் பெட்டி மாறிவிட்டது. 2008-ல் ஷின்சான் கூடத்தில் இருந்தான். சத்தம் அடுப்படிக்குக் கேட்டது. அதனால்தான் அப்பத்தா கோபித்தார், அம்மா புகார் செய்தார், அமைச்சகத்துக்குச் சேதி போனது. இன்று அவன் செல்போனில் வருகிறான். யூடியூப்பில், பிள்ளைகளுக்குத் தெரிந்த பொம்மை முகங்களை வைத்து, பிள்ளைகள் பார்க்கத் தகாத படங்களைச் சிலர் தயாரித்து விட்டார்கள். 2017-ல் இது அம்பலமாகி, கம்பெனியே ஆயிரக்கணக்கான படங்களை நீக்கியது. அவற்றில் எதை எந்த ஊர்ப் பிள்ளை பார்த்தது என்று யார் சொல்ல முடியும்?

அந்த ரெட்டியார்சத்திரத்து வீட்டுக்கு வருவோம். மணி 7. அம்மா வந்துவிட்டார். கூடத்தில் டெலிவிஷன் ஓடவில்லை. பையன் கட்டிலில் குப்புறப் படுத்திருக்கிறான். அப்பாவின் செல்போன் அவன் கையில். காதில் ஒயர். எதையோ பார்த்துச் சிரிக்கிறான்.

"என்னடா பாக்குறே?" என்று கேட்டுக்கொண்டே, அம்மா சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்காருகிறார். பையன் ஒரு பக்கத்து ஒயரைக் கழற்றி, அம்மாவின் காதில் வைக்கிறான்.