சந்தா கட்டியவர் எங்கே உட்காருவது?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஓஷ்கோஷ் என்று ஓர் ஏரிக்கரை ஊர். ஆண்டு முழுக்க சாதுவாக இருக்கும் அதன் சின்ன விமான நிலையம், ஜூலை கடைசி வாரத்தில் மட்டும் திருவிழாத் திடலாகிவிடும். அங்கும் அக்கம்பக்கத்து விமானத் தளங்களிலுமாகச் சுமார் 10,000 விமானங்கள் வந்து இறங்கும். வருகிறவர்களில் ஏராளமானோர் ஓட்டலைத் தேடுவதில்லை. புல்தரையில் விமானத்தை நிறுத்தி, இறக்கை நிழலிலேயே கூடாரம் அடித்துப் படுத்துவிடுவார்கள்.

இதை நடத்துவது அரசாங்கமோ விமானக் கம்பெனியோ அல்ல, ஒரு பொழுதுபோக்குச் சங்கம். 'எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன்', சுருக்கமாக இ.ஏ.ஏ. வீட்டு ஷெட்டில் சொந்தமாக விமானம் கட்டுகிறவர்கள், பழைய விமானங்களைச் சீர்செய்து பறக்கவிடுகிறவர்கள், பறக்கும் ஆசை மட்டும் உள்ளவர்கள் என எல்லோரும் இதில் உறுப்பினர்கள். லாப நோக்கமில்லாத அமைப்புதான். ஆனாலும் 2012, 2013 ஆகிய இரண்டு ஆண்டுகளில் பணத்தால் இந்தச் சங்கம் பட்ட பாடு கொஞ்சமல்ல.

அடித்தள அறையில் ஆரம்பம்

1953 ஜனவரியில், மில்வாக்கி நகரில் பால் போபரெஸ்னி என்ற ராணுவ விமானியும் நண்பர்களும் சேர்ந்து இந்தச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அவர் வீட்டின் அடித்தள அறைதான் அலுவலகம். மனைவி ஆட்ரியும் சங்க வேலைகளைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். அந்த ஆண்டு நடந்த முதல் கூடலுக்கு வந்து பதிவு செய்தவர்கள் 150 பேருக்கும் குறைவு.

கூட்டம் பெருகப் பெருக, 1959-ல் ராக்ஃபோர்டு நகருக்கும், 1970-ல் ஓஷ்கோஷுக்கும் விழா இடம் மாறியது. 2012-ல் உறுப்பினர் எண்ணிக்கை ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. இவ்வளவு பெரிய விழா ஓடுவது ஆயிரக்கணக்கான தொண்டர்களின் உழைப்பில். வேலைக்கு லீவு போட்டு, கைக்காசு செலவழித்து வந்து, விமானங்களுக்கு வழி காட்டுவார்கள், வண்டி ஓட்டுவார்கள், குப்பையும் அள்ளுவார்கள். 8 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகளை இலவசமாக விமானத்தில் ஏற்றிக் காட்டும் 'யங் ஈகிள்ஸ்' திட்டமும் 1992 முதல் இப்படித்தான் நடக்கிறது. விமானம் விமானியுடையது, பெட்ரோல் செலவும் பெரும்பாலும் அவருடையது. இதுவரை 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பறந்திருக்கிறார்கள்.

லாப நோக்கம் இல்லை என்றால் வரவே கூடாது என்று அர்த்தமில்லை. மிச்சம் வரலாம், அதை யாரும் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். அருங்காட்சியகம், பத்திரிகை, ஊழியர் சம்பளம், விழாச் செலவு எல்லாவற்றுக்கும் சந்தா மட்டும் போதாது. ஆகவே விழா வசூல், நன்கொடை, விளம்பரதாரர் பணம் எல்லாமே வேண்டியிருக்கிறது. உறுப்பினர்களுக்கும் இது தெரியும். அவர்களுக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில்.

முன்வரிசையில் குடில்கள்

2012 விழாவில் ஓடுதளத்தை ஒட்டி வரிசையாகச் சொகுசுக் குடில்கள் முளைத்தன. கம்பெனிகள் வாடகைக்கு எடுத்துத் தங்கள் விருந்தினர்களை உட்காரவைக்கும் இடங்கள் அவை. சங்கத்துக்கு நல்ல வருமானம். ஆனால் காலங்காலமாகப் புல்லில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விமானங்களை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு, அந்த முன்வரிசை இல்லாமல் போனது.

"எங்கள் வீட்டு விசேஷத்தில் எங்களுக்கே பின்வரிசையா?" என்பதுதான் அந்தக் கோபத்தின் சாரம். வணிக நிறுவனத்தின் வாடிக்கையாளர் என்றால், பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடலாம். சங்கத்தின் உறுப்பினர் எங்கே போவார்? இன்னொரு ஓஷ்கோஷ் கிடையாது. அதோடு, குப்பை அள்ளியவர் தன்னை வாடிக்கையாளர் என்று நினைப்பதே இல்லை. வீட்டுக்காரர் என்றுதான் நினைக்கிறார். சட்டப்படி சொத்து சங்கத்துடையது, முடிவு நிர்வாகக் குழுவுடையது. மனசுப்படி அது அவருடையது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் பல சங்கங்கள் தடுக்கி விழுகின்றன.

அந்த அக்டோபரில் சங்கத்தின் தலைவர் ராட் ஹைடவர் பதவி விலகினார். செஸ்னா விமான நிறுவனத்தின் முன்னாள் தலைமை அதிகாரி ஜாக் பெல்டன், சம்பளம் வாங்காமல் பொறுப்பேற்றார். 2013 விழாவில் ஓடுதள ஓரத்துக் குடில்கள் இல்லை. விளம்பரதாரர்களை யாரும் விரட்டவில்லை; மறைத்த இடத்தை விட்டுக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

வாசலில் வந்த பில்

ஒன்று ஓய்வதற்குள் இன்னொன்று. விழா வாரத்தில் ஓஷ்கோஷ் கோபுரம் உலகிலேயே மிகப் பரபரப்பான கட்டுப்பாட்டுக் கோபுரம். பல ஊர்களிலிருந்து வரும் அரசுக் கட்டுப்பாட்டாளர்கள் இளஞ்சிவப்புச் சட்டையில் நின்று விமானங்களை இறக்குவார்கள். நெரிசலில் ரேடியோவில் பதில் பேச நேரமிருக்காது. "கேட்டுவிட்டேன்" என்பதற்கு விமானி இறக்கைகளை ஆட்டிக் காட்டினால் போதும்.

2013-ல் அமெரிக்க அரசு செலவுகளை வெட்டியபோது, விமானப் போக்குவரத்து நிர்வாகம் இந்தச் சேவைக்கு முதன்முறையாகப் பணம் கேட்டது. பயணம், தங்குமிடம், கூடுதல் நேரச் சம்பளம் எனச் சுமார் 4,47,000 டாலர். கொடுக்காவிட்டால் விழா இல்லை. ஒவ்வொரு கேலன் எரிபொருளுக்கும் ஏற்கெனவே வரி கட்டுகிறோமே, மறுபடியும் ஏன் என்பது விமானிகளின் கேள்வி. சங்கம் எதிர்ப்பைப் பதிவு செய்துகொண்டே பணத்தைக் கட்டி, நீதிமன்றமும் போனது. செனட் உறுப்பினர்கள் பலரும் குரல் கொடுத்தார்கள். 2014-ல் பல ஆண்டு ஒப்பந்தத்துடன் வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஆக, செலவு சங்கத்தின் தலையில்தான்.

ஆனால் இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். 2012-ல் சங்கத்துக்குப் பணம் வந்தது, உறுப்பினர்கள் கொதித்தார்கள். 2013-ல் சங்கத்திடமிருந்து பணம் போனது, உறுப்பினர்கள் சங்கத்தோடு நின்றார்கள். இரண்டாவது முறை எவ்வளவு தொகை, யார் கேட்டது, ஏன் கட்டுகிறோம், அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பால் போபரெஸ்னி 2013 ஆகஸ்ட் 22 அன்று, 91 வயதில் காலமானார். விழா இன்றும் நடக்கிறது. 2024-ல் அங்கு வந்தவர்கள் ஏறக்குறைய 6,86,000 பேர். பெரிய கம்பெனிகளின் கொட்டகைகளும் இருக்கின்றன, இறக்கை நிழலில் கூடாரங்களும் இருக்கின்றன.

எந்தச் சங்கமானாலும், வரவு செலவை ஏட்டில் எழுதிவிட்டால் கணக்கு முடிந்துவிடாது. கூடமாட வேலை செய்தவருக்கு எந்த வரிசையில் நாற்காலி என்பதும் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.