கூரையில் கொடி! கூடத்தில் நாடகம்! மன்றத்தில் எங்கே தமிழ்?

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்த ஊர் காலாப்பட்டு. புதுவை நகரிலிருந்து அங்குச் செல்வோர் இடையில் தமிழ்நாட்டைச் சேர்ந்த கோட்டக்குப்பத்தைக் கடந்தே செல்லல் வேண்டும். ஆங்கிலேயனும் பிரெஞ்சுக்காரனும் தமிழ்நிலத்தைக் கூறுபோட்டுக் கொண்டதன் தழும்பு அது. அவ்வூரில் மீனவர் குப்பங்கள் உண்டு. 1985-இல் தோன்றிய நடுவண் பல்கலைக்கழகம் உண்டு. சட்டம் பயிற்றும் அரசுக் கல்லூரி உண்டு. சட்டத்தின்படி ஒறுக்கப்பட்டோரை அடைத்து வைக்கும் நடுவண் சிறையும் உண்டு. கற்பிக்கும் சட்டமும் வருத்தும் சட்டமும் ஓரூரிலேயே குடியிருக்கின்றன. தமிழனுக்கு அறம் எம்மொழியில் கிடைக்கின்றது என ஆராய்வார்க்கு இதனினும் ஏற்ற ஊர் வேண்டுவதில்லை.

ஆகசுட்டுத் திங்களில் அவ்வூரிலும் பிற ஊர்களிற் போலவே கூரைதோறும் மூவண்ணக்கொடி பறக்கின்றது. பொழுது சாய்ந்தால் கூடந்தோறும் தொலைக்காட்சி விளங்குகின்றது. அதில் கொலையும் கொள்ளையும் துப்புத் துலக்கலுமாகிய குற்றக்கதைகள் ஓடுகின்றன. ‘உண்மை நிகழ்ச்சி, உள்ளது உள்ளபடி’ என்னும் பறையறைவு வேறு. கூரைமேல் உள்ளது நாட்டுப்பற்று என்கின்றனர். கூடத்தில் உள்ளது நடப்பியல் என்கின்றனர். இவ்விரண்டிலும் மெய் எவ்வளவு, தோற்றம் எவ்வளவு என உரைத்துப் பார்ப்பது தமிழர் கடன்.

முதலில் கொடியைக் காண்போர் அதன் வரலாற்றையும் காணல் வேண்டும். 2002 சனவரி 26-ஆம் நாள் புதிய கொடி நெறிமுறை நடைமுறைக்கு வரும்வரை, பொதுமக்கள் தம் இல்லத்தில் சில குறித்த நாள்களில் மட்டுமே நாட்டுக்கொடியை ஏற்ற இயலும். நவீன் சிண்டால் என்னும் தொழில் முதலாளி தம் ஆலையில் கொடியேற்றத் தடை வந்ததை எதிர்த்து வழக்காடினார். 2004 சனவரி 23-ஆம் நாள் உச்ச அறமன்றம் தீர்ப்புரைத்தது. மதிப்புக் குன்றாமல் கொடியேற்றுவது குடிமகனின் அடிப்படையுரிமை என்றும், அரசியலமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) பிரிவில் அஃது அடங்கும் என்றும் கூறிற்று. அப்பிரிவு எதைப் பற்றியது? பேச்சுரிமையையும் கருத்து வெளிப்பாட்டுரிமையையும் பற்றியது. அஃதாவது, ஒருவன் தன் வீட்டின்மேல் கொடி பறக்கவிடுதல் அவன் பேசும் பேச்சிற்கு நிகர் என்பதே அத்தீர்ப்பின் கருத்து. இதனை நினைவில் இருத்துக. பின்னர் இது வேண்டப்படும்.

அதன்பின் 2021 திசம்பரில் நெறிமுறை திருத்தப்பட்டது. கையால் நூற்றுக் கையால் நெய்த துணியே கொடியாதற்கு உரியது என்றிருந்த நிலை மாறி, பொறியில் நெய்த பாலியெசுட்டர்த் துணியும் ஏற்கப்பட்டது. 2022 சூலையில் இன்னொரு திருத்தம் வந்தது. ஞாயிறு மறையுமுன் இறக்கப்பட வேண்டிய கொடி, இல்லங்களில் இரவும் பகலும் பறக்கலாம் என்றாயிற்று. அடுத்த திங்களே ‘அர் கர் திரங்கா’ என்னும் இந்திப் பெயருடன் வீட்டுக்கு வீடு கொடியேற்றும் இயக்கம் 13-ஆம் நாள் முதல் 15-ஆம் நாள் வரை நடந்தது. கருநாடகத்தில் உப்பள்ளியை அடுத்த பெங்கேரியில் கதர்க்கொடி நெய்து வாழ்ந்தவர்கள் தம் பிழைப்புக்கு அஞ்சிக் குரலெழுப்பினர்.

புதுச்சேரிக்கு இதில் தனித்த நோவு உண்டு. அது நெசவால் வளர்ந்த நகரம். 1936 சூலை 30-ஆம் நாள் சவானா ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிக்கு இரையாகித் தம் உரிமையை நிலைநாட்டிய மண் அது. 1898-இல் தொடங்கிய ஆங்கிலோ-பிரெஞ்சு துணியாலை 2020-இல் இழுத்து மூடப்பட்டது. தறியோசை அடங்கிய நகரத்தில் இரண்டாண்டு கழித்துப் பொறித்துணிக் கொடிகள் வந்து இறங்கின. கொடியைப் போற்றுக என்றவர், அக்கொடித்துணியை நெய்யவல்ல கைகளைப் போற்றினரா?

கொடி தமிழனுக்குப் புதிதன்று. வில்லும் புலியும் கயலும் பொறித்த கொடிகள் மூவேந்தர்க்கு இருந்தன. பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில் அரசன் மட்டுமா கொடியேற்றினான்? வழிபாட்டிடத்தில் ஒரு கொடி. சொற்போர்க்கு அறைகூவும் புலவர் ஏற்றியது ஒரு கொடி. கரையில் நிற்கும் கலத்தின்மேல் ஒரு கொடி. கள் விற்கும் மனையின் வாயிலிலும் ஒரு கொடி. அக்கொடிகளுள் ஒன்றும் பொய் சொல்லவில்லை. கள்ளுக்கொடி பறந்த மனையில் கள் இருந்தது. புலவன் கொடி பறந்த இடத்தில் எவரும் புகுந்து வாதிடலாம். வீட்டின் உள்ளே இருப்பதை வெளியே அறிவிப்பதே கொடியின் பணி. அவ்வாறாயின், இன்று காலாப்பட்டின் கூரைமேல் பறக்கும் கொடி எதனை அறிவிக்கின்றது? உரிமை பெற்ற குடிமகன் இங்கு வாழ்கின்றான் என அறிவிக்கின்றது. அவன் உரிமை பெற்றவன்தானா என்பதே வினா.

விடை தேடுவார் கூடத்திற்குள் நுழைக. அங்கே தொலைக்காட்சியில் குற்றக்கதை ஓடிக்கொண்டிருக்கின்றது. 1998-இல் தொடங்கி இருபதாண்டு ஓடிய இந்தித் தொடரான ‘சி.ஐ.டி.’ முதல், 2022-இல் தமிழில் வந்த ‘விலங்கு’, ‘சுழல்’ வரை இவ்வகைக் கதைகள் பெருகிவிட்டன. அண்மைக் காலத்தன பலவற்றில் காவல் நிலையத்தின் மேசை, கோப்பு, வியர்வை, பேச்சு வழக்கு அனைத்தும் உள்ளபடியே அமைகின்றன. அதற்கு உழைத்தவர்களைப் பழிப்பதற்கில்லை. ஆயின் மேசையும் கோப்பும் மெய்யானால் கதையும் மெய்யாகிவிடுமா?

இக்கதைகள் பலவற்றின் முடிவு யாது? ஐயத்திற்குரியவனைப் பிடிக்கின்றனர், அடிக்கின்றனர், அவன் ஒப்புக்கொள்கின்றான், கதை முடிகின்றது. சட்டமோ நேர்மாறாக உள்ளது. காவலரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராக மெய்ப்பிக்கலாகாது என 1872-ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு விதித்தது; இன்றைய புதுச்சட்டத்தின் 23-ஆம் பிரிவும் அதனையே விதிக்கின்றது. கதை எங்கு முடிகின்றதோ அங்கேதான் வழக்குத் தொடங்குகின்றது. பிடித்தவனை இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் நடுவர்முன் நிறுத்தல் வேண்டும். உறவினர்க்கு அறிவித்தல் வேண்டும். கைதுக் குறிப்பு எழுதுதல் வேண்டும். 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச அறமன்றம் இவற்றை விரித்துரைத்தது. இந்நெறிகளைத் திரையில் கண்டவர் எத்தனை பேர்? அடித்தால் உண்மை வரும் என்பதை நாள்தோறும் கண்டு பழகிய மக்கள், அடித்தால் உயிர் போகும் என்பதை 2020 சூனில் சாத்தான்குளத்தில் கண்டனர். தந்தையும் மகனும் ஒருங்கே மாண்டனர். 2025 சூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில், நகை களவுபோயிற்று என்ற முறையீட்டின் பேரில் பிடிக்கப்பட்ட கோயிற் காவலாளி இளைஞன் ஒருவன் மாண்டான்.

இவற்றினும் பெரியதொரு பொய் உண்டு. அதனைப் பொய் என்றே எவரும் உணர்வதில்லை. திரையில் வரும் உயர் அறமன்றத்தில் வழக்குரைஞர் தமிழில் முழங்குகின்றார். நடுவர் தமிழில் வினவுகின்றார். கூண்டில் நிற்கும் ஏழைக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்குகின்றது. கடலூர் மாவட்டம் கம்மாபுரத்தில் 1993-இல் நிகழ்ந்த காவற்சாவைத் தழுவி 2021-இல் வெளிவந்த ‘செய்பீம்’ திரைப்படம் காவல் நிலையக் கொடுமையை அஞ்சாது காட்டியது; அதிலும் உயர் அறமன்ற வழக்காடல் தமிழிலேயே நிகழ்ந்தது. படம் காண்போர்க்காக அவ்வாறு அமைத்தல் இயல்பே. ஆனால், 1862-இல் தோன்றிய சென்னை உயர் அறமன்றத்தின் மொழி இன்றளவும் ஆங்கிலமே. புதுச்சேரியும் அம்மன்றத்தின் ஆட்சி எல்லைக்குள் அடங்கியதே. கீழ்மன்றங்களில் தமிழுக்கு இடமுண்டு; மேல்முறையீடு என்று ஏறியதும் தமிழ் வாயிலிலேயே நின்றுவிடுகின்றது. காலாப்பட்டுச் சிறையிலிருந்து முறையிடும் தமிழன் தன் உயிர் பற்றியும் உரிமை பற்றியும் பிறர் பேசுவதைத் தான் அறியாத மொழியிற் கேட்க வேண்டியவனாகின்றான். நாடகத்தில் தமிழுக்கு அரியணை. நாட்டில் தமிழுக்கு வாயிற்படி!

சட்டம் இதற்கு வழி வகுக்கவில்லையா? வகுத்துள்ளது. அரசியலமைப்பின் 348(2) பிரிவின்படி, குடியரசுத் தலைவரின் இசைவுடன் ஆளுநர் மாநில ஆட்சிமொழியை உயர் அறமன்ற நடவடிக்கைகளில் வழங்கச் செய்யலாம். இராசத்தானில் 1950-இலும், உத்தரப்பிரதேசத்தில் 1969-இலும், மத்தியப்பிரதேசத்தில் 1971-இலும், பீகாரில் 1972-இலும் இந்திக்கு அவ்வுரிமை கிட்டியது. தமிழுக்கு அதே உரிமை வேண்டித் தமிழ்நாட்டுச் சட்டப்பேரவை 2006 திசம்பரில் தீர்மானம் இயற்றியது. 2012 அக்டோபரில் உச்ச அறமன்றத்தின் நடுவர் பேரவை அதனை ஏற்க மறுத்தது. நான்கு மாநிலங்களில் இந்திக்குத் திறந்த கதவு, ஈராயிரம் ஆண்டு இலக்கியமுடைய மொழிக்கு அடைபட்டுக் கிடக்கின்றது. இது முறையா?

வேற்று மாநில நடுவர் வந்தால் என் செய்வது என்பர் சிலர். பாட்னாவிற்கும் அலகாபாத்திற்கும் வேற்று மாநில நடுவர் செல்வதில்லையா? அங்கே தடையாகாதது இங்கே மட்டும் தடையாவது எங்ஙனம்? தீர்ப்புகளைத் தமிழில் மொழிபெயர்த்து வெளியிடுகின்றனரே என்பர் வேறு சிலர். உச்ச அறமன்றம் அவ்வாறு செய்து வருதல் நன்றே. ஆயினும், இழவு விழுந்த வீட்டிற்கு மறுநாள் மருத்துவன் எழுதிய ஓலையைப் படித்துக் காட்டுதல் மருத்துவம் ஆகாது. வழக்கு நடக்கும்போதே தன் மொழியிற் கேட்பதுதான் உரிமை.

இருந்த நிலையும் இழிந்து வருகின்றது. 2023 திசம்பரில் நாடாளுமன்றம் இயற்றிய மூன்று குற்றவியற் சட்டங்கள் 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தன. அவற்றின் பெயர்கள் ‘பாரதிய நியாய சன்கிதா’, ‘பாரதிய நாகரிக சுரக்சா சன்கிதா’, ‘பாரதிய சாட்சிய அதினியம்’ என்பன. ஏமாற்றுக்காரனைத் தமிழன் ‘நானூற்றிருபது’ என்றே திட்டிப் பழகினான். இன்று அஃது 318(4). கொலைக்குரிய 302 இன்று 103. எண் மாறுவது தாழ்வில்லை, கற்றுக்கொள்ளலாம். தன்னைத் தண்டிக்கும் சட்டத்தின் பெயரையே ஒருவன் ஒலிக்க இயலாமற் போவது தாழ்வு. பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் புதுவைத் தமிழனுக்கு அறம் பிரெஞ்சு மொழியில் வழங்கப்பட்டது. 1954 அக்டோபர் 18-ஆம் நாள் கீழூரில் வாக்களித்த 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய இசைந்தனர். நவம்பர் முதல் நாள் கொடி மாறியது. நீலம், வெண்மை, சிவப்பு என்னும் மூவண்ணம் இறங்கி வேறொரு மூவண்ணம் ஏறியது. 1965-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழுக்குப் புதுவையில் இடமளித்தது. கொடி மாறியும் உயர் அறமன்றத்தின் மொழி மட்டும் தமிழாகவில்லையே!

தமிழின் தலைசிறந்த குற்றவழக்கு எது? சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டமே. அங்கும் நகைக் களவு, அங்கும் பொய்ச்சான்று, அங்கும் ஆராயாமல் பாய்ந்த காவலன் வாள். மடப்புரத்தில் நிகழ்ந்தது மதுரையில் முன்னரே நிகழ்ந்தது. ஆயின் ஒரு வேற்றுமை உண்டு. கணவனை இழந்த கண்ணகி, அயலூரிலிருந்து வந்த எளிய பெண், நேரே மன்னன் அவைக்குச் சென்றாள். அவள் பேசியது தமிழ். அவன் கேட்டது தமிழ். இடையில் மொழிபெயர்ப்பாளன் இல்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள், அரசியின் சிலம்பின் பரல் முத்து என மன்னன் ஒப்பினான், உடைத்துக் காட்டினாள், மாணிக்கம் தெறித்தது. வழக்கு ஒரு நாழிகையில் முடிந்தது. முறை தவறிய மன்னன் தன் உயிரையே விட்டான். அரசனே குற்றவாளி என மெய்ப்பிக்க ஒரு பெண்ணால் இயன்றது, அவள் மொழி அவ்வவையின் மொழியாக இருந்தமையால் அன்றோ? அதே கண்ணகி இன்று சென்னை உயர் அறமன்றத்தின் படியேறினால் அவளுக்காக வேறொருவர் வேறொரு மொழியிற் பேசுவார்; அவள் கையிற் சிலம்புடன் வாய்மூடி நிற்பாள்.

இப்போது சிண்டால் வழக்கின் தீர்ப்பை நினைவிற் கொண்டு வருக. வீட்டின்மேல் கொடி பறப்பது பேச்சுரிமை என்றது உச்ச அறமன்றம். நன்று. துணி அசைவது பேச்சு என்றால், நாக்கு அசைவது பேச்சாகாதா? வாய் திறவாத கொடிக்கு உள்ள உரிமை, வாய் திறந்து பேசும் தமிழனுக்கு அவன் வழக்கு நடக்கும் மன்றத்தில் இல்லையா? கொடியேற்றச் சொல்லி வீட்டுக்கு வீடு வந்தவர்கள் இவ்வினாவிற்கு விடை சொல்லும் கடப்பாடு உடையவர்கள்.

கொடியேற்றுவோர் ஏற்றுக; ஏற்றாதார் மீது எவரும் ஐயங்கொள்ளற்க. ஏற்றுபவர் கூரையோடு நின்றுவிடற்க. காவல் நிலையத்தில் அளிக்கும் முறையீட்டைத் தமிழில் எழுதுக. அதன் படியைத் தமிழிற் கேட்டுப் பெறுக. கீழ்மன்றங்களில் தமிழ் பெற்ற இடத்தை ஒருபோதும் விட்டுக்கொடுக்கற்க. சட்டம் பயிலும் இளைஞர் சட்டச் சொற்களைத் தமிழில் ஆக்குக. புதுவைப் பேரவையையும் தமிழகப் பேரவையையும் 348(2) பிரிவுக்காக மீண்டும் மீண்டும் நெருக்குக. தொலைக்காட்சியில் குற்றக்கதை காணும் ஒவ்வோரிரவும் வீட்டிலுள்ள சிறுவரிடம், ‘இம்மன்றத்தில் தமிழ் பேசுகின்றார்களே, உண்மை மன்றத்தில் பேச விடுவார்களா?’ என ஒரு கேள்வி கேட்டு வைக்க.

காலாப்பட்டுச் சிறையில் அடைபட்ட கடைசித் தமிழனும் தன் வழக்கைத் தன் காதாற் கேட்டுத் தன் மொழியில் மறுக்கும் நாள் வருதல் வேண்டும். அந்நாள் கூரைமேற் பறக்கும் கொடி, காவிரிப்பூம்பட்டினத்துக் கொடி போல, வீட்டுக்குள் இருப்பதை வெளியே உண்மையாக உரைக்கும். அதுவரை அது காற்றில் அசையும் துணியே!