கைவேலை வேறு, குலத்தொழில் வேறு

பள்ளியில் கைத்தொழில் கற்பிக்க வேண்டும் என்று யார் சொன்னாலும், தமிழ்நாட்டில் உடனே எழும் சொல் 'குலக்கல்வி'. அந்த அச்சத்துக்கு நியாயம் இருக்கிறது. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளைகளின் பள்ளி நேரத்தை நாளுக்கு மூன்று மணி நேரமாகச் சுருக்கியது. மிச்ச நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழகச் சொன்னது. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். 1954இல் முதல்வரான காமராஜர் அதைக் கைவிட்டார். சரியான முடிவு.

ஆனால் அந்தத் திட்டத்தின் குற்றம் எது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பிள்ளையின் கையில் உளி இருந்தது குற்றமல்ல. யார் கையில் உளி, யார் கையில் சவரக்கத்தி என்பதைப் பிறப்பு முடிவு செய்ததுதான் குற்றம். அதற்காகப் பள்ளி நேரத்தையே வெட்டியது அடுத்த குற்றம். கைவேலை பள்ளிக்குள்ளேயே, ஆசிரியர் முன்னிலையில், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றாக நடந்தால் இந்த இரண்டுக்கும் அங்கே இடமில்லை.

1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி அப்படிப்பட்டது. ஜாகிர் உசேன் தலைமையிலான குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. குழுவில் ஜே.சி. குமரப்பா இருந்தார், யாழ்ப்பாணத்துக்காரரான ஆரியநாயகம் சேவாகிராமத்தில் தங்கி அதை நடத்தினார். நூற்பு வழியாகவே கணக்கு, பருத்தி வழியாகவே புவியியல் என்பது அதன் முறை. அதிலும் ஒரு பிழை இருந்தது: பிள்ளைகள் செய்ததை விற்று ஆசிரியர் சம்பளத்துக்கு வழி காணலாம் என்ற எண்ணம். விற்பனை என்று வந்துவிட்டால் பழுதான நூலுக்கு மதிப்பில்லை. கற்கும் பிள்ளையோ பழுதாக்கித்தான் கற்கும்.

பின்லாந்து இந்தச் சிக்கலில் மாட்டவில்லை. அங்கே 1866 முதல் கைவேலை பள்ளிப் பாடம். இன்றும் கட்டாயப் பாடம்தான். ஆணும் பெண்ணும் மரவேலை, தையல் இரண்டையும் கற்கிறார்கள். அவர்களைத் தச்சராகவோ தையற்காரராகவோ ஆக்குவது அதன் நோக்கமல்ல.

வேறென்ன கிடைக்கும் என்று கேட்கலாம். மூன்றடிப் பலகையை ஓரடித் துண்டுகளாக மூன்றாக அறுக்கச் சொல்லுங்கள். கரும்பலகைக் கணக்கில் விடை சரியாக வரும். கையில் அறுத்தால் மூன்றாவது துண்டு சற்றுக் குறையும், ஒவ்வொரு அறுப்பிலும் ரம்பம் கொஞ்சம் மரத்தைத் தின்றுவிடுவதால். அந்தப் பிள்ளைக்கு அளவு என்றால் என்ன என்பது அன்றைக்குத்தான் விளங்கும். மூலை மட்டம் பார்க்கும் கொத்தனார் ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நான்கடி குறித்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று நூல் பிடிப்பார். பித்தாகரஸ் தேற்றத்தை மனப்பாடமாக எழுதி முழு மதிப்பெண் வாங்கிய மாணவனுக்கு, வகுப்பறைத் தரையில் அந்த நூலைப் பிடித்துக் காட்ட எத்தனை பள்ளிகளில் நேரம் ஒதுக்கியிருக்கிறோம்?

2020இன் தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8ஆம் வகுப்புக்குள் பத்து நாள் புத்தகப்பை இல்லாமல் தச்சர், குயவர், தோட்டக்காரர் போன்றவர்களிடம் பிள்ளைகள் பழகலாம் என்கிறது. இதுவும் குலக்கல்வியின் மறுவடிவம்தானோ என்ற சந்தேகம் இங்கே எழுந்தது. எந்தப் பிள்ளை யாரிடம் போகும் என்பதை யார், எப்படித் தீர்மானிப்பார்கள் என்ற கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்கும்வரை அந்தச் சந்தேகம் இருக்கத்தான் வேண்டும். அதோடு, பத்து நாளில் உளி பிடிக்கக்கூடப் பழக முடியாது. வாரம் இரண்டு மணி நேரமானாலும் ஆண்டு முழுக்க நடந்தால்தான் கை பழகும்.

அதற்கு ஆள் வேண்டும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள்: உடற்கல்வி, ஓவியம், தையல் உள்ளிட்ட தொழிற்கல்வி ஆகியவற்றுக்கு. வாரத்தில் மூன்று அரைநாள் வேலை, தொகுப்பூதியம், பணி நிரந்தரம் கேட்டுத் தொடர்ந்து போராட்டம். கைவேலையைக் கற்பிப்பவரையே இப்படி வைத்திருந்தால், அந்த வேலைக்கு என்ன மதிப்பு என்பதைப் பிள்ளைகள் நம்மிடமிருந்தே கற்றுக்கொள்கிறார்கள். இவர்களை முழுநேர ஆசிரியர்களாக்குவதில்தான் அரசு தொடங்க வேண்டும்.

பெற்றோரும் ஒன்று செய்யலாம். பள்ளி மேலாண்மைக் குழு அடுத்த முறை கூடும்போது கேளுங்கள்: கைத்தொழில் பாடவேளை அட்டவணையில் இருக்கிறதா? இருந்தால், அந்த நேரத்தில் கணக்குத் தேர்வு நடத்தாமல் இருக்கிறார்களா?