நாலு பூட்டுப் போட்ட பெட்டி



நவராத்திரிக்கு வேளிமலை முருகன் வந்து தங்கும் ஆரியசாலை தேவி கோவிலைத் தெரியாத தமிழர் திருவனந்தபுரத்தில் இருக்க முடியாது. அந்தக் கோவிலைச் சுற்றியும் சாலைக் கடைத்தெரு நெடுகிலும் தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்து வரும் நம்மவர்களுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். சிட்டை, பேரேடு காலத்தையும் பார்த்தேன். கணிப்பொறிக் காலத்தையும் பார்க்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஓணம் முடிந்த மறு வாரம், பலசரக்கு மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் பதறிப்போய் அழைத்தார். கணிப்பொறியின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. ஓணத்துக்குக் கடனாகக் கொடுத்த சரக்கின் பாக்கி முழுவதும் அதில்தான். "பயப்படாதீர்கள், உங்களிடம்தான் நாலு வகைப் பாதுகாப்பு இருக்கிறதே" என்று தைரியம் சொல்லிவிட்டுப் போனேன்.

நாலும் இருந்தன. கடைப் பையன் தினமும் பென் டிரைவில் நகல் எடுத்தான். ஆனால் ஏப்ரலில் புதுக் கணக்கு தொடங்கியபின்னும் பழைய வருஷத்துக் கோப்பையே எடுத்துக்கொண்டிருந்தான். பெங்களூரில் இருக்கும் மகன் கிளவுடில் ஏற்பாடு செய்திருந்தார். இடம் நிரம்பிவிட்டது என்ற எச்சரிக்கை, அவர் திறந்தே பார்க்காத பழைய மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தது. விலை கொடுத்து வாங்கிய நகல் மென்பொருள் மூன்றாவது. அதைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்து முடக்கி வைத்திருந்தது நான்காவதான வைரஸ் தடுப்பு மென்பொருள்! காவல்காரனையே காவல்காரன் கட்டிப்போட்ட கதை.

பிறகு பில் புத்தகத்தின் கார்பன் தாள்களைப் புரட்டிப் பாக்கியை எழுதினோம். பணம் கட்டிவிட்ட ஒருவரிடமே மறுபடியும் கேட்டுவிட்டோம். இருபது வருஷ வாடிக்கையாளர் அவர். ஒன்றும் பேசாமல் ரசீதைக் காட்டிவிட்டுப் போனார். பிறகு கடைப்பக்கம் வரவில்லை. போன கணக்கை எழுதிவிடலாம். போன நம்பிக்கையை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

இது சின்னக் கடைக்காரரின் அறியாமை என்று தள்ளிவிட வேண்டாம். 2017 ஜனவரி 31-ஆம் தேதி கிட்லாப் என்ற மென்பொருள் நிறுவனத்தில், ஒரு பொறியாளர் தவறான கணிப்பொறியில் தகவல் தொகுப்பை அழித்துவிட்டார். அங்கே ஐந்து வகை நகல் முறைகள் இருந்தும் ஒன்றும் சரியாக வேலை செய்யவில்லை என்று அந்த நிறுவனமே ஒளிக்காமல் வெளியிட்டது. ஒரு முறை தோற்றுக்கொண்டே இருந்தது. தோற்றது என்று சொல்ல வேண்டிய மின்னஞ்சலும் எவருக்கும் போய்ச் சேரவில்லை. சுமார் 6 மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காக ஒருவர் கையால் எடுத்துவைத்த பிரதிதான் காப்பாற்றியது. கணிப்பொறியையே தொழிலாகக் கொண்டவர்களுக்கே இந்த நிலை.

காரணம் எளியது. கருவிகள் கூடக் கூட, பொறுப்பு குறைகிறது. 'இது இல்லாவிட்டால் அது இருக்கிறது' என்று ஒவ்வொருவரும் மற்றவரை நம்பிவிடுகிறோம். ஒவ்வொன்றுக்கும் தனிச் சந்தா, தனிக் கடவுச்சொல், தனிப் புதுப்பிப்புத் தேதி. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

"ஒன்றையே நம்பினால், அதுவும் போனால்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நகல்கள் பல இருக்கட்டும். எடுக்கும் முறை ஒன்றாக இருக்கட்டும் என்பதே என் கருத்து. ஒரே மென்பொருள் இரண்டு இடத்தில் நகல் வைக்கட்டும்: ஒன்று கடையில், மற்றொன்று கடைக்கு வெளியே. பொறுப்பு ஒருவருடையதாக இருக்கட்டும்; அவர் ஊருக்குப் போனால் யார் என்பதையும் எழுதி வையுங்கள். மாதம் ஒரு நாள், அந்த நகலை வேறொரு கணிப்பொறியில் போட்டு நேற்றைய பில் ஒன்றைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகல், நகலே அல்ல.

இதில் சட்டமும் இருக்கிறது. ஜி.எஸ்.டி. கணக்குகளை, ஆண்டு அறிக்கை தாக்கல் செய்யவேண்டிய நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறி, அதன் விதிகளும் 2025 நவம்பரில் வெளிவந்துவிட்டன. தக்க பாதுகாப்புச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கு அதில் இடமுண்டு. வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணை நாலு இடத்தில் சிதறவிட்டுவிட்டு, எங்கே இருக்கிறது என்று தெரியாமல் விழிப்பது இனி நல்லதல்ல.

அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளை, இரவு சிட்டையைச் சரிபார்த்துக் கூட்டிப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை முதலாளி கையில் கொடுத்த பிறகே வீட்டுக்குப் புறப்படுவார். ஒரு பெட்டி, ஒரு சாவி, தினமும் பார்க்கும் ஒரு கண். பெட்டி மாறிவிட்டது; அந்தக் கண்ணை மட்டும் நாம் விட்டுவிட வேண்டாம்.