வானூர்திச் சாளரமும் நம் மாணவரும்

வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே தெற்கு நோக்கிச் செல்வோர் இரத்மலானை விமான நிலையத்தை நன்கறிவர். 1947ஆம் ஆண்டு டிசெம்பர்த் திங்கள் 10ஆம் நாள் எயர் சிலோன் நிறுவனத்தின் டக்கோட்டா விமானம் காங்கேசன்துறைக்கும் சென்னைக்கும் முதற்பயணம் புறப்பட்டது இங்கிருந்தேயாம். விமானமோட்டப் பயிலும் இளைஞரைச் சுமந்து சிறு விமானங்கள் இன்றும் அங்கே எழுந்திறங்குகின்றன. அவற்றை ஓட்டுவோரை நம் மாணவர் வியந்து போற்றுவர். அவற்றின் சாளரத்தை மாற்றுவோரைப் பற்றி எவரும் பேசக் கேட்டிலோம். அவர்பொருட்டே இம்மலரில் சில கூற விழைகின்றோம்.

சாளரத்துக்குக் ‘காலதர்’ என்பது பழந்தமிழ்ப் பெயர். காற்று வரும் வழி என்பது பொருள். காற்றை உட்புகவிடாத விமானச் சாளரத்துக்கு அப்பெயர் பொருந்தாமை கண்டு புலவர் நகைக்கலாம். அஃது நிற்க. சிறு விமானங்களின் சாளரங்கள் பெரும்பாலும் கண்ணாடியாலானவையல்ல. அக்கிரிலிக் என்னும் பிளாத்திக்கு வகையால் ஆனவை. 1930களில் இங்கிலாந்தில் பேர்ஸ்பெக்ஸ் என்றும் ஜேர்மனியில் பிளெக்சிகிளாஸ் என்றும் பெயர்பெற்று வெளிவந்த இப்பொருள், கண்ணாடியின் எடையில் ஏறத்தாழப் பாதியே உடையது. போர் விமானிகளின் கண்களில் இதன் சிதறல்கள் தைத்தும் கண் அவற்றைப் பகையாமை கண்ட ஹரோல்ட் றிட்லி என்னும் மருத்துவர், 1949இல் இலண்டனில் இதனாலேயே வில்லை செய்து ஒருவரின் கண்ணுள் பொருத்தினார். வில்லை பொருத்திய கண்ணால் இம்மலரை வாசிக்கும் மூத்த பழைய மாணவர், விமானச் சாளரத்துக்குச் சிறிது கடன்பட்டவரே.

இப்பொருளின் குறை, அதன் மென்மை. பெற்றோலோ, தின்னரோ, அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பு நீரோ பட்டால் மேனியெங்கும் மயிரிழை வெடிப்புகள் தோன்றும். உலர்ந்த துணியால் துடைத்தாலும் தூசி கீறும். நீரை மிகுதியாக ஊற்றி, வெறுங்கையால் தடவி மணலகற்றி, மென்மையான சவர்க்காரத்தால் கழுவுதலே முறை. முறை தவறிய சாளரத்தூடாக மாலை ஞாயிற்றை எதிர்நோக்கி இறங்கும் விமானிக்கு, அவ்வெடிப்புகள் ஒளியைச் சிதறடித்து ஓடுபாதையையே மறைத்துவிடும். அந்நிலையில் சாளரத்தை மாற்றுவதன்றி வேறு வழியில்லை.

மாற்றுவோர், விமானத்தைச் செய்தோர் வெளியிட்ட கைந்நூலை விரித்து வைத்தே பணி தொடங்குவர். பழைய சாளரத்தை உடையாமற் கழற்றி, அதனை அளவாகக் கொண்டு புதியதன் விளிம்பை அராவுவர். மேலே ஒட்டிய காப்புத்தாளை இயன்றவரை உரியார். அக்கிரிலிக் வெப்பத்தால் அலுமினியத்தினும் ஏறத்தாழ மும்மடங்கு விரியுமாதலின், சட்டத்துள் இடைவெளி விட்டு, துளைகளையும் திருகாணியினும் சற்றுப் பெரிதாக இடுவர். உலோகத்தைத் துளைக்கும் அலகு பிளாத்திக்கைக் கவ்விப் பிளக்கும். இதற்கெனத் தீட்டிய அலகே வேண்டும். வளைவு பொருந்தாவிடின் வலிந்து அழுத்துதல் ஆகாது. அன்று உள்ளே தங்கிய இறுக்கம் பின்னொருநாள் வெடிப்பாக வெளிப்படும். ஆணியும் சுரையும் கொண்டு பூட்டுமிடத்து, நன்கு இறுக்கியபின் ஒரு முழுச்சுற்றுத் தளர்த்துதல் மரபு. இறுக்க எவரும் அறிவர். தளர்த்தும் அளவைக் கற்றவரே அறிவர்.

இதனைக் கல்வியென்று ஒப்பாதார்க்கு 1990ஆம் ஆண்டு யூன் 10ஆம் நாள் நிகழ்ச்சியைக் காட்டுவோம். அது பெரிய விமானம். எனினும் பாடம் ஒன்றே. பேர்மிங்காமிலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் எயர்வேஸ் விமானமொன்றின் முகப்புச் சாளரம் 17,300 அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு போயிற்று. தலைமை விமானியின் உடல் பாதி வெளியே இழுக்கப்பட்டது. உடனிருந்தோர் அவரைப் பற்றிக்கொள்ள, துணை விமானி சௌதம்ரனில் இறக்கினார், அனைவரும் பிழைத்தனர். முந்திய நாள் அதிகாலையில் அச்சாளரத்தை மாற்றியவர் உதிரிப்பாகப் பட்டியலைப் பாராது, பழைய ஆணியோடு கண்ணளவால் ஒப்பிட்டுப் புதியன எடுத்திருந்தார். 90 ஆணிகளில் 84இன் விட்டம், வேண்டியதிலும் ஒரு மில்லிமீற்றருக்குங் குறைவாகவே சிறுத்திருந்தது. அவர் கைப்பழக்கம் இல்லாதவரல்லர். அன்று ஏட்டைப் புரட்டவில்லை, அவ்வளவே.

ஏடும் கையும் ஒருங்கே வேண்டும் இத்தொழிலை நம்மவர் ஏன் தாழ்வாக எண்ணுகின்றனர்? வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளை தொழிற்பயிற்சிக்குச் சென்றால், பரீட்சையில் தவறிவிட்டான் என்றே அயலார் முடிவு செய்கின்றனர். பெற்றோரை முற்றும் குறைகூறோம். 1983இல் வீடும் கடையும் எரியக் கண்ட சமூகம், எரியாத உடைமை படிப்பொன்றே எனத் துணிந்தது இயல்பே. ஆயின் கைத்திறனும் எரியாத உடைமைதான் என்பதை ஏனோ மறந்தோம். ஆண்டுதோறும் மலர்களில் மருத்துவர், பொறியியலாளர், கணக்காளர், சட்டத்தரணி எனப் பட்டியலிடுகின்றோம். தொழில்வினைஞராய் விளங்கும் பழைய மாணவர்க்கு அங்கே ஒரு வரியுமில்லை.

தமிழாசிரியராகிய எமக்கும் இதிற் பங்குண்டு. கைந்நூல்கள் ஆங்கிலத்திலேயே உள்ளன என்பது மெய். ஆனால் ஒரு சொல்லையும் தாண்டாது வாசிக்கும் பழக்கம் எம்மொழியிலும் வரும். உரையாசிரியர் வழிநின்று பாடஞ் சொல்லும் வகுப்பில் அது வராவிடின் வேறெங்கு வரும்?

விழாக் குழுவினர்க்கு ஒரு விண்ணப்பம். விமானத் திருத்தகத்தில் பணியாற்றும் பழைய மாணவர் எவரேனும் உளராயின், அவரை விஞ்ஞான மன்றத்துக்கு அழைத்துப் பேசச் செய்க. கழற்றியெறிந்த பழைய சாளரமொன்றையும் அவர்வழிக் கேட்டுப் பெறுக. ஆய்வுகூடத்து யன்னலருகே அதனைத் தொங்கவிட்டால், காலை வெயில் படும்போது வெடிப்புகள் ஒவ்வொன்றும் மாணவர் கண்ணுக்குத் தெரியும்.