வயலில் இறங்கினீர்களா?



நம் இதழில் வந்த, மழைக்கால நோய்களைப் பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டு வாசகர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "எலிக்காய்ச்சல்னு போட்டிருக்கீங்களே சார், எங்க வீட்டுல எலியே கிடையாது. பூனை வளர்க்கிறோம். அப்போ எங்களுக்கு வராதுதானே?" என்று கேட்டார். சிரித்தபடி ரிசீவரை வைத்தாலும் கேள்வி என்னை விடவில்லை. அதற்குச் சரியான பதில் அந்தமானில் இருக்கிறது.

வட அந்தமானில் திக்லிப்பூர் நெல் விளையும் பகுதி. 1988 முதல் அங்கே ஒரு காய்ச்சல் தலைகாட்டத் தொடங்கியது. திடீரென்று உடம்பு கொதிக்கும், கைகால் முறிந்ததுபோல் வலிக்கும். சிலருக்கு இருமினால் ரத்தம் வரும். உயிர்களும் போயின. காரணம் புரியாமல் 'அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு நோய்க்கு ஊரின் பெயரை வைத்தால், அதன் வேர் இன்னும் பிடிபடவில்லை என்றுதான் பெரும்பாலும் பொருள்.

இந்த இடத்தில்தான் நோய்ப்பரவலியல் என்ற துறை உள்ளே வருகிறது. பெயர் பெரிது, அது முதலில் கேட்பதோ மூன்றே கேள்விகள். யாருக்கு வந்தது? எங்கே வந்தது? எப்போது வந்தது? திக்லிப்பூரில் விடைகள் ஒன்றையொன்று கைகாட்டின. மழை முடிகிற அக்டோபர், நவம்பர் மாதங்கள். ஈரம் காயாத வயல்கள். அதில் வெறுங்காலோடு இறங்கி வேலை செய்தவர்கள். போர்ட் பிளேரில் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) உள்ள மண்டல மருத்துவ ஆராய்ச்சி மையத்தின் எஸ்.சி. சேகல் குழுவினர் 1993-ல் நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தபோது குற்றவாளி அகப்பட்டது. அதுதான் லெப்டோஸ்பைரா, நம் எலிக்காய்ச்சல் கிருமி.

இதில் ஒரு வேதனையும் உண்டு. அந்தமானில் இந்தக் கிருமி இருப்பதை டெய்லர், கோய்ல் என்ற இரு ஆய்வாளர்கள் 1931-லேயே எழுதி வெளியிட்டிருந்தார்கள். தீவு அதை மறந்துவிட்டது, கிருமி மறக்கவில்லை.

சரி, அந்த வாசகரின் பூனைக்கு வருவோம். இந்தக் கிருமி எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கும். மாடு, பன்றி, நாயிடமும் இருக்கும். அவற்றின் சிறுநீரோடு வெளியேறி, ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில்கூட உயிரோடு இருக்கும். காலில் ஒரு வெடிப்பு, கையில் ஒரு சிராய்ப்பு, கண், மூக்கு, வாய் என்று எந்த வாசலும் அதற்குப் போதும். எலி கடிக்க வேண்டியதில்லை. வீட்டில் இருக்கவும் வேண்டியதில்லை. தெருவில் தேங்கிய தண்ணீரில் கால் வைத்தாலே வரலாம்.

ஒவ்வொரு தொற்றுக்கும் இப்படி ஒரு வழித்தடம் உண்டு. 1877-ல் இதே அந்தமானில் தட்டம்மை பரவி, அதற்கு முன் அதை அறிந்தே இராத பெரிய அந்தமானியப் பழங்குடிகள் ஏராளமானோரைக் கொண்டுபோயிற்று. அது மூச்சுக்காற்றில் பயணிக்கும் நோய். எதிர்ப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து பன்னிரண்டு, பதினைந்து பேருக்கும் மேல் தாவும். எலிக்காய்ச்சல் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவது மிக அபூர்வம். அம்மை கண்டவரைத் தனியே வைக்க வேண்டும். எலிக்காய்ச்சல் வந்தவரை ஒதுக்குவதில் பயனில்லை. அவர் இறங்கிய தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும். வழி தெரிந்தால்தானே எங்கே அணை போடுவது என்று தெரியும்?

கிருமி உடம்பில் புகுவது வேறு, நோயாகப் படுப்பது வேறு. வட அந்தமானில் அதே போர்ட் பிளேர் ஆராய்ச்சி மையத்தார் டாக்சிசைக்ளின் மாத்திரையைத் தடுப்பு மருந்தாகக் கொடுத்துப் பார்த்து 2000-ல் முடிவை வெளியிட்டார்கள். மாத்திரை எடுத்தவர்களிடமும் எடுக்காதவர்களிடமும் தொற்றின் அளவில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் நோயாக வெளிப்பட்டது, மாத்திரை எடுத்தவர்களிடம் குறைவு. (இதைப் படித்துவிட்டு நீங்களாகக் கடையில் வாங்கிவிடாதீர்கள், அது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.)

இது தீவுக் கதை மட்டும் அல்ல. 1993 இறுதியில் மதுரைப் பக்கம் வெள்ளம் வந்தது. அடுத்த சில மாதங்களில் அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்ணுள் அழற்சியோடு வந்தவர்கள் வழக்கத்தைவிட அதிகமானார்கள். ஏன் இத்தனை பேர், ஏன் இப்போது என்று மருத்துவர்கள் கேட்டதால்தான் அதுவும் எலிக்காய்ச்சலின் பின்விளைவு என்று தெரியவந்தது.

மழை நாட்களில் தேங்கிய நீரில் இறங்க நேர்ந்தால் பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். காலில் புண் இருந்தால் மூடிக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்தால் தாமதிக்காதீர்கள். கிருமி புகுந்து பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாட்களில்தான் காய்ச்சல் காணும். அதற்குள் நனைந்த கால் காய்ந்துபோகும், நமக்கும் மறந்துபோகும். எனவே மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "டாக்டர், பத்து நாளைக்கு முன்னால வயல்ல இறங்கினேன்."

அந்த வாசகரை நானே திரும்ப அழைத்து இவ்வளவும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "எங்க மாட்டுக் கொட்டகையில தண்ணி நிக்குது சார்" என்றார். மூன்று கேள்விகளில் 'எங்கே' என்பதற்கு அவரே விடை கண்டுவிட்டார்.

அன்புடன்,
ஆசிரியர்